சூளைப் புகைக்குக் குழாய் எதற்கு?

கேள்வி: சூளையைச் சூரிய மின்சாரத்தில் சூடாக்கினால் கரியமில வாயு வராதே? பிறகு ஏன் வெளிநாடுகளில் அதற்குக் குழாய் போடுகிறார்கள்?
– வாசகி, கருப்பூர், சேலம்

பதில்: எரிபொருளிலிருந்து வருவது நிற்கும், சரி. கல்லிலிருந்து வருவது நிற்காதும்மா. உங்கள் ஊர்ப் பக்கம் வெட்டும் மேக்னசைட்டையே பாருங்கள். நான் சூளையில் வேலை பார்த்தவன். சுத்தமான கல் 100 கிலோவைச் சுட்டால் மிஞ்சுவது 48 கிலோதான். மீதி 52 கிலோவும் கரியமில வாயு. சங்ககிரிப் பக்கம் சிமென்டுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் என்றால் வாயு 44 கிலோ. எந்த அடுப்பில் வைத்தாலும் இதே கணக்குதான். அந்த வாயுவைப் பிடித்து நிலத்தடியில் அடைக்கத்தான் குழாய்.

நார்வேயில் பிரெவிக் சிமென்ட் ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் வரை பிடிக்கக் கட்டப்பட்டது. கப்பலில் ஏற்றி, அப்புறம் சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் கடலடிப் பாறைக்குள் செலுத்துகிறார்கள். குழாயில் 74 பாருக்கு (நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 73 மடங்கு) மேல் அழுத்தினால் அது நீர்மம்போல் ஓடும். ஈரம் மட்டும் இருக்கவே கூடாது. தண்ணீரோடு சேர்ந்தால் அமிலமாகி எஃகை அரித்துவிடும்.

இங்கே போடுவதானால் எனக்கு ஒரு பெரிய கவலை. இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பள்ளத்தில் தேங்கும். 2020-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் சட்டார்ஷியா அருகே, மழையில் மண் சரிந்து குழாய் உடைந்தது. 45 பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் கார் எஞ்சின்களே நின்றுபோயின. சேர்வராயன் அடிவாரத்திலும் மழைக்கு மண் சரிகிறது. அதனால் பாதையை முடிவு செய்யும் முன்பே அங்குள்ள ஊர்க்காரர்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.