பதின்வயதினருக்கான தொடர் நாவல்: கேள்விகளும் பதில்களும்

13 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்குத் தமிழில் தொடர் நாவல் எழுத விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். விளக்கத்துக்கு ஒரே கற்பனைக் கதையை வைத்துக்கொள்வோம்: தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளக் கிராமம், 9ஆம் வகுப்பு படிக்கும் மாரி என்ற பெண், மூன்று பாகங்கள்.

எத்தனை பாகம் என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டுமா அக்கா? மூன்றா, ஐந்தா?

அதற்கு முன்னால் வேறொன்றை முடிவு செய்யுங்கள் தம்பி: தொடர் நகர நகர உங்கள் பாத்திரத்துக்கு வயது ஏறுமா, ஏறாதா? 1930இல் அமெரிக்காவில் தொடங்கிய நான்சி ட்ரூ வரிசையில் துப்பறியும் பெண் பல பத்தாண்டுகள் பதின்வயதிலேயே இருக்கிறாள். எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் முதலில் எடுத்துப் படிக்கலாம். ஹாரி பாட்டர் வரிசையில் பாகத்துக்கு ஒரு வயது கூடுகிறது. அப்படிக் கூடினால் பிரச்சினை கனக்கும், மொழி மாறும், வரிசையாகத்தான் படிக்க முடியும்.

வயது ஏறும் தொடரைத் தேர்ந்தெடுத்தால் ஒரு கணக்குப் போட்டாக வேண்டும். இந்த வயதினர் தங்களைவிட ஓரிரு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள். முதல் பாகத்தில் மாரிக்கு 14, படிப்பவருக்கு 13. பாகத்துக்கு ஒரு வயது கூடினால் மூன்றாம் பாகத்தில் மாரிக்கு 16. ஆண்டுக்கு ஒரு பாகம் வந்தால் அப்போது வாசகருக்கு 15. மாரி இன்னும் ஒரு வயது மூத்தவள். இரண்டு ஆண்டுக்கு ஒரு பாகம் என்றால் வாசகருக்கு 17 ஆகிவிடும். மாரி அவருக்குத் தங்கையாகிப் போனாள். புத்தகத்தை எடுக்க மாட்டார். தமிழில் தொடங்கும் பல இளையோர் தொடர்கள் பாதியில் வாசகரை இழப்பதற்கு எழுத்தின் தரத்தைவிட இந்த இடைவெளிதான் காரணம் என்பது என் திடமான எண்ணம்.

ஆகவே மூன்று பாகம், ஆண்டுக்கு ஒன்று. முதல் பாகம் அச்சுக்குப் போகும் முன் இரண்டாம் பாகத்தின் முழு வரைவும் மூன்றாம் பாகத்தின் அத்தியாயத் திட்டமும் கையில் இருக்கட்டும். அப்போதுதான் இரண்டாம் பாகம் எழுதும்போது தேவைப்படும் ஒரு சாவியை, ஓர் அத்தையை, ஒரு தழும்பை முதல் பாகத்திலேயே வைக்க முடியும். அச்சான புத்தகத்துக்குள் எதையும் திணிக்க முடியாது. சென்னைப் புத்தகக் காட்சியை ஒட்டி வெளியிட நினைத்தால், பிழை திருத்தி முடித்த பிரதி ஆகஸ்டு வாக்கில் பதிப்பாளரிடம் போய்ச் சேர வேண்டும். டிசம்பரில் எல்லா அச்சகங்களிலும் நெரிசல்.

முதல் பாகத்தில் எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு மிச்சம் வைக்கலாம்?

இரண்டு கேள்விகளைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று பாகத்தின் கேள்வி, அந்தப் பாகத்துக்குள்ளேயே முழுசாக விடை கிடைக்க வேண்டியது. மாரியின் தோழி திடீரெனப் பள்ளிக்கு வராமல் போனது ஏன், அவளைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? மற்றது தொடரின் கேள்வி. மாரி படித்து ஊரைவிட்டுப் போவாளா, உப்பளத்திலேயே நிற்பாளா? இதற்கு மூன்றாம் பாகத்தின் கடைசியில்தான் விடை.

பாகத்தின் கேள்வியை மூடாமல் திகிலில் நிறுத்தி "அடுத்த பாகத்தில்" என்று போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். வாரப் பத்திரிகையில் அது செல்லும். அடுத்த இதழ் ஏழு நாளில் வந்துவிடும். இங்கே காத்திருப்பு ஓராண்டு. 13 வயதுக்காரர் தன் கைக்காசைக் கொடுத்து வாங்கிய புத்தகம் முடியவில்லை என்றால் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். தோழி திரும்பி வந்துவிடட்டும். ஆனால் அதற்காக மாரி ஒரு விலை கொடுத்திருக்கட்டும்; உதாரணமாக, அம்மாவின் கூலி வேலை போயிருக்கட்டும். முடிந்த கதையின் விளைவிலிருந்து அடுத்த பாகம் பிறந்தால், ஆவலைத் தனியாக மூட்ட வேண்டியதில்லை.

இரண்டாம் பாகம் தொய்வடைவதற்கும் இதுவே மருந்து. அதற்குச் சொந்தமாக ஒரு கேள்வி இல்லாவிட்டால் முதலுக்கும் மூன்றுக்கும் நடுவே சும்மா நடந்துகொண்டிருக்கும். அந்தப் பாகத்தின் கதையை மட்டும், மற்ற இரண்டையும் குறிப்பிடாமல், மூன்று வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அங்கே இன்னும் கதை இல்லை.

எத்தனை சொற்கள்? எத்தனை பக்கம்?

பாகத்துக்கு 30,000 முதல் 40,000 சொற்கள். ஆங்கில இளையோர் நாவல்களின் அளவை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் தமிழில் அதே விஷயத்துக்குச் சொற்கள் குறைவாகவும் நீளமாகவும் வரும். டெமி என்ற வழக்கமான நாவல் அளவில், 12 புள்ளி எழுத்தில், பக்கத்துக்குச் சுமார் 200 சொற்கள் பிடிக்கும். 35,000 சொல்லுக்கு 175 பக்கம் ஆகிறது. அச்சகத்தில் 16 பக்கம் ஒரு பாரம். 11 பாரம் என்றால் 176. தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் எல்லாம் சேர்ந்தால் 12 பாரத்துக்குப் போய்விடும். எழுத்தைச் சிறிதாக்கி 11 பாரத்துக்குள் அடைக்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். பாடப்புத்தகத்தைத் தாண்டித் தமிழ் படித்துப் பழகாத பிள்ளைக்கு நெருக்கமான பக்கமே பெரிய தடை. அத்தியாயம் 1,200 முதல் 1,800 சொல்லுக்குள் இருந்தால் ஒரே மூச்சில் படித்து முடிப்பார்கள்.

இரண்டாம் பாகத்தில் முன்கதையை எப்படிச் சொல்வது? முகப்பில் சுருக்கம் போடலாமா?

போடலாம், அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். பலர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால் கதைக்குள்ளும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் பாகம் புரியத் தேவையான தகவல்களை மட்டும் பட்டியல் போடுங்கள். ஏழெட்டுக்கு மேல் வந்தால் குறையுங்கள். ஒவ்வொன்றையும் அது தேவைப்படும் காட்சியில் வையுங்கள். அம்மாவின் வேலை போனதை, மளிகைக் கடை அண்ணாச்சி கடன் தர யோசிக்கும் இடத்தில் ஒரு வரியில் சொல்லலாம். இருவருக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் உரையாடல் ("உனக்கு நினைவிருக்கா, போன வருசம் நாம...") வந்தால் அடித்துவிடுங்கள். முதல் பாகம் படிக்காத ஒருவரிடம் முதல் மூன்று அத்தியாயத்தைக் கொடுத்து, எங்கே நின்றார் என்று பென்சிலில் கோடு போடச் சொல்லுங்கள்.

வட்டார வழக்கு, பள்ளிக்கூடப் பேச்சு, வாட்ஸ்அப் தமிழ் எல்லாம் எவ்வளவு சேர்க்கலாம் மேடம்?

கதை சொல்லும் பகுதி எளிய பொது எழுத்துநடையில், சிறு வாக்கியங்களில். பேச்சு முழுக்க வழக்கில். இந்தப் பிரிப்பு தமிழ் வாசகருக்கு இயல்பானது.

சிக்கல் வழக்கை எப்படி எழுத்தில் காட்டுவது என்பதில்தான். ஒவ்வோர் ஒலியையும் பதிவுசெய்யப் போனால் வாசகர் எழுத்துக் கூட்ட வேண்டிவரும். பதினைந்து இருபது வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, மூன்று பாகத்திலும் மாறாமல் வையுங்கள். மாரி "வாரேன்", "சொல்லுதா" என்பாள். தோழியை "ஏட்டி" என்று கூப்பிடுவாள். பையன்கள் "எலே" போடுவார்கள். கோயம்புத்தூரிலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியை "சொல்லுங்க கண்ணு" என்று பேசினால் எவர் பேச்சென்று பெயர் சொல்லாமலே தெரியும். போயிட்டா, போய்ட்டா, வர்றேன், வரேன்: எது யாருக்கு என்று முதல் நாளே எழுதிவையுங்கள். மெய்ப்புத் திருத்துபவர் ஒரு பாகத்தில் திருத்தி இன்னொன்றில் விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. இந்தப் பட்டியலின் நகலைப் பிரதியோடு அவருக்கும் அனுப்புங்கள்.

பள்ளிக்கூடத்தில் இன்றைக்குப் புழங்கும் கேலிச் சொல் மூன்றாம் பாகம் வருவதற்குள் பழசாகிவிடும். அதைவிட உங்கள் பாத்திரங்களே உருவாக்கிக்கொள்ளும் குழுச்சொல் நீடிக்கும். உப்பளத்தில் மாட்டிக்கொண்ட ஒரு நாளை வைத்து அவர்களுக்குள் வழங்கும் ஒரு பட்டப்பெயர் போதும். வாட்ஸ்அப் உரையாடலைத் தமிழ் எழுத்தில், வரிக்கு ஒரு செய்தியாக, பத்து வரிக்குள் முடியுங்கள். நீண்டால் அச்சில் சகிக்காது.

தகவல் முரண்படாமல் பார்த்துக்கொள்ள என்ன வழி?

ஒரு தொடர் ஏடு வையுங்கள். கணினியில் ஒரு எக்செல் கோப்பு போதும். முதல் தாள் பாத்திரங்களுக்கு: பிறந்த தேதி, வகுப்பு, உயரம், இடக்கையா வலக்கையா, யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவார், யாருக்கு என்ன ரகசியம் எந்த அத்தியாயத்தில் தெரியவந்தது. ரகசியம் பற்றிய இந்தக் கடைசிக் குறிப்பில்தான் அதிகப் பிழை வரும். முறைப்பெயரும் அப்படித்தான், முதல் பாகத்தில் பெரியம்மா, மூன்றாம் பாகத்தில் அத்தை என்று வந்துவிட்டால் குடும்ப உறவே தலைகீழாகிவிடும், வாசகர் உடனே பிடித்துவிடுவார்.

இரண்டாம் தாள் இடங்களுக்கு. கையால் ஒரு வரைபடம் போட்டு, வீட்டிலிருந்து பள்ளிக்கு நடந்தால் எத்தனை நிமிடம், பேருந்து எத்தனை மணிக்கு என்று குறியுங்கள்.

மூன்றாம் தாள் காலத்துக்கு, இதற்கு மெனக்கெடுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் தேதி, கிழமை. அருகில் பள்ளிக் கணக்கு: ஜூனில் திறப்பு, செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, பொதுத்தேர்வு மார்ச்சை ஒட்டி. இரண்டாம் பாகத்தில் மாரி 10ஆம் வகுப்பு என்றால் பிப்ரவரியில் அவள் ஊர் சுற்றக் காரணம் வேண்டும். அதற்கும் பக்கத்தில் ஊரின் தொழில் கணக்கு. வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பளத்தில் பாத்தி நனைந்து வேலை நின்றுவிடும். நவம்பரில் உப்பு வாரும் காட்சி எழுதினால் தூத்துக்குடிக்காரர் எவரும் அடுத்த பக்கத்தை நம்ப மாட்டார். மாறாக, மழை மாதங்களில் கூலி இல்லை என்பதும் டிசம்பரில் தேர்வு என்பதும் ஒன்றாக வருகின்றன பாருங்கள், அதுவே உங்களுக்குக் கிடைத்த நெருக்கடி. கற்பனையில் தேட வேண்டியதே இல்லை.

எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறது. மர்மத்தை எப்படிக் காப்பாற்றுவது?

சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை என்பது ஒருமுறைதான் எடுபடும். வீட்டுக்கே ஒரு போன், அது அப்பாவோடு வேலைக்குப் போகிறது என்று வையுங்கள். பல வீடுகளில் நிலைமை அதுதான். மாரி அனுப்பும் செய்தியை அப்பாவும் படிக்க முடியும் என்பதே கதையை இறுக்கும்.

காதல், பாலியல் துன்புறுத்தல், தற்கொலை எண்ணம் இவற்றைத் தொடலாமா? பள்ளி நூலகம் வாங்காதே?

தொடலாம், தொட வேண்டும். படிக்கிறவர்கள் இவற்றின் நடுவேதான் இருக்கிறார்கள். ஆனால் சட்டமும் கவனமும் சரியாக இருக்கட்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகளே. குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதும் தண்டனைக்குரியது. ஆக "ரகசியமாக வைத்துக்கொள்கிறேன்" என்று ஆறுதல் சொல்லும் நல்ல ஆசிரியை உங்கள் கதையில் இருந்தால், அவரை அறியாமலே குற்றம் செய்யவைத்திருக்கிறீர்கள். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சினிமாவில் பார்த்த விசாரணைக் காட்சியை எழுதினால், உண்மையில் புகார் கொடுக்க வேண்டிய ஒரு பிள்ளை பயந்துவிடும். அது கதைப் பிழையைவிடப் பெரிய தீங்கு.

தற்கொலை முயற்சி வந்தால் எந்த முறையில் என்ற விவரம் வேண்டாம், அதைப் பிரச்சினைக்குத் தீர்வாகவும் காட்ட வேண்டாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவிக்கான டெலிமானஸ் எண் 14416 இரண்டையும் அச்சிடுங்கள். நூலகருக்கும் இது நம்பிக்கை தரும்.

காதலைப் பொறுத்தவரை, பெரியவரின் அறிவுரைப் பேச்சைக் கொண்டுவந்து முடிக்காதீர்கள். எந்தச் சிக்கலையும் கடைசி அத்தியாயத்தில் மாமாவோ கலெக்டரோ தீர்த்துவைத்தால் அது இளையோர் நாவலாக நிற்காது. பெரியவர் உதவலாம்; முடிவெடுத்து அதன் விளைவைத் தாங்குவது மாரியாக இருக்கட்டும்.

பதிப்பாளர் மூன்று பாகத்துக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் கேட்கிறார். போடலாமா?

போடலாம், ஆனால் வாய்ப்பேச்சில் வேண்டாம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி உரிமை மாற்றம் எழுத்தில், நீங்கள் கையெழுத்திட்டு இருந்தால்தான் செல்லும். இன்னும் எழுதாத பாகத்துக்கும் ஒப்பந்தம் செய்யலாம்; அந்தப் பாகம் எழுதப்பட்ட பிறகுதான் மாற்றம் நடைமுறைக்கு வரும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. அந்த "வேறுவிதமாக" எங்காவது நுழைந்திருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள்.

தொடருக்கென்று மூன்று விஷயங்களைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் பாகம் வரும்போது முதல் பாகம் அச்சில் இருக்க வேண்டும். முதல் பாகம் கடையில் கிடைக்காவிட்டால் இரண்டாம் பாகத்தை யாரும் தொட மாட்டார்கள். மூன்று அட்டைக்கும் ஒரே ஓவியர், ஒரே முதுகு வடிவம், முதுகில் பாக எண். மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை உரிமைகள் ஒவ்வொன்றும் தனி வரியில். "அனைத்து உரிமைகளும்" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக வாங்க வேண்டும். அதற்கென்று உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

யுனிகோடில் அடித்து அனுப்பினேன், பக்கம் கட்டியதும் கொம்பெல்லாம் இடம் மாறிவிட்டது. ஏன்?

பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பு முறையை (World-Ready Paragraph Composer) தேர்ந்தெடுக்காமல் தமிழை ஒட்டியிருக்கிறார்கள். அதை மாற்றினால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பழைய எழுத்துருக் குறியீட்டுக்கு மாற்றிப் பக்கம் கட்டும் இடமாக இருந்தால் வேறு தொல்லை: "ஸ்ரீ", "க்ஷ", மேற்கோள் குறிகள், எண்கள் உடையும். மெய்ப்பில் இவற்றை மட்டும் தேடி ஒரு தனிச் சுற்றுப் படியுங்கள். திருத்திய கோப்பை யுனிகோடிலேயே திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாம் பாகம் எழுதும்போது முதல் பாகத்தில் ஒரு சொல்லைத் தேட அதுதான் உதவும்.