நாள்கூலியா, நாடோடியா?

கேள்வி: ஆங்கிலத்தில் தச்சர், கொத்தனார்களை 'ஜர்னிமேன்' என்கிறார்களே, ஊர் ஊராகப் போய் வேலை பார்ப்பதால் வந்த பெயரா?

பதில்: அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பயணத்துக்கும் இதற்கும் நேரடி சம்பந்தமே இல்லை. 'ஜூர்னே' என்றால் பிரெஞ்சில் ஒரு நாள், அல்லது ஒரு நாள் வேலை. தொழில் பழகும் காலத்தை முடித்து, ஆனால் இன்னும் மேஸ்திரி ஆகாமல் தினக்கூலிக்குப் போனவர்தான் ஜர்னிமேன். நம் நாள்கூலிக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு நாளில் நடக்கிற தூரம் என்ற பொருளிலிருந்துதான் 'ஜர்னி'யே பயணம் ஆனது, குழப்பம் அங்கேதான்.

ஆனால் உங்கள் ஊகம் ஜெர்மனிக்குப் போனால் பலித்துவிடும். அங்கே தொழில் பழகி முடித்த தச்சர்கள் சிலர் இன்றைக்கும் மூன்று வருஷமும் ஒரு நாளும் ஊர் சுற்றி வேலை பார்க்கிறார்கள், அதுவரை சொந்த ஊருக்கு 50 கிலோமீட்டர் பக்கத்தில்கூட வரக்கூடாது, கல்யாணம் ஆகியிருக்கக்கூடாது, கடனும் இருக்கக்கூடாது. கடைசி நிபந்தனையில் நம்மில் பாதிப் பேர் அவுட்! அகலமான தொப்பி, கறுப்பு கார்டுராய் பெல்பாட்டம், கையில் முறுக்கிய தடி, துணியில் சுருட்டிய மூட்டை. கையில்லாத வெயிஸ்ட்கோட்டில் எட்டு பொத்தான், எட்டு மணி நேர வேலைக்காம். கிளம்பும் நாளில் ஊர்ப் பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரு சாராய பாட்டிலைப் புதைத்துவிட்டு, பலகை மேல் ஏறி அந்தப் பக்கம் குதித்துப் போவது வழக்கம். திரும்பி வந்து தோண்டிக் குடிப்பார்கள்.