பிள்ளையின் தலையில் கட்டி: ஸ்கேன் எதுவரை சொல்லும்?

என் 6 வயது மகனுக்கு ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் வாந்தி, நடையிலும் தள்ளாட்டம். சி.டி. ஸ்கேனில் சிறுமூளையில் கட்டி தெரிகிறது. இப்போது எம்.ஆர்.ஐ.யும் எடுக்கச் சொல்கிறார்கள். ஒரே தலைக்கு எதற்கு இரண்டு ஸ்கேன்? ஆபரேஷன் இல்லாமலே என்ன கட்டி என்று சொல்லிவிட முடியாதா?
- ஒரு தாய், தேனி

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை அம்மா. சி.டி. சில நொடிகளில் முடிந்துவிடும். மூளைநீர் அடைபட்டுத் தேங்கியிருக்கிறதா, ரத்தம் கசிந்திருக்கிறதா என்று அவசரத்துக்குப் பார்க்க அதுதான் சரி. ஆனால் சிறுமூளையைச் சுற்றித் தடித்த எலும்பு இருப்பதால், சி.டி. படம் அங்கே கோடுகோடாக விழுந்து கட்டியின் ஓரம் மறைந்துபோகும். எம்.ஆர்.ஐ.க்கு அந்தத் தொல்லை இல்லை; எக்ஸ்ரே கதிரும் கிடையாது.

கட்டியின் வகையை ஊகிக்க அதிகம் உதவுவது, எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் என்ற பகுதி. திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக நகர்கிறது என்று அது அளக்கிறது. மெடுல்லோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் புற்றுக்கட்டியில் செல்கள் தேர்த்திருவிழாக் கூட்டம்போல நெருக்கியடித்துக் கிடக்கும். நீர் நகர இடமிருக்காது. அதனால் இந்த நகர்வைக் காட்டும் ஏ.டி.சி. என்ற படத்தில் கட்டி கறுத்துத் தெரியும். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா என்ற மெதுவாக வளரும் கட்டியில் செல்கள் தள்ளித்தள்ளி இருப்பதால் அதே படத்தில் வெளுத்திருக்கும். பெரும்பாலும் ஒரு நீர்ப்பையும், படம் தெளிவாக விழ நரம்பில் மருந்து ஏற்றியதும் அதன் சுவரில் பளிச்சிடும் ஒரு முடிச்சும் கூடவே தெரியும். எபென்டிமோமா என்ற மூன்றாவது வகைக் கட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்பதால் அதில்தான் குழப்பம் அதிகம்.

எம்.ஆர்.ஐ.யின் இன்னொரு பகுதியான ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கட்டியின் மேல் ஒரு சிறு கட்டம் வைத்து, அதற்குள் இருக்கும் வேதிப்பொருள்களை அளக்கிறார்கள். செல் சவ்வோடு தொடர்புள்ள கோலின் ஏறி, நரம்புச் செல்களின் அடையாளமான என்.ஏ.ஏ. இறங்கியிருந்தால் கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். டாரின் என்ற வேதிப்பொருளும் கூடியிருந்தால் மெடுல்லோபிளாஸ்டோமா பக்கம் சாயலாம். கட்டத்தின் ஓரம் எலும்பிலோ ரத்தத்திலோ பட்டுவிட்டால் அளவு கெட்டுவிடும். அப்படிப்பட்ட ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

இவ்வளவும் பார்த்த பிறகும் உறுதியான பெயர் திசுவைப் பரிசோதித்தால்தான் கிடைக்கும். மெடுல்லோபிளாஸ்டோமாவிலேயே 4 முக்கிய மரபணுப் பிரிவுகள் உண்டு. படம் அவற்றை உறுதிசெய்யாது. நியூரோஃபைப்ரோமட்டோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோய் உள்ள குழந்தையின் பார்வை நரம்புக் கட்டிபோன்ற சிலவற்றுக்கு மட்டுமே, படத்தை நம்பிப் பெரும்பாலும் பயாப்சியை (திசு எடுத்துப் பரிசோதிப்பதை) தவிர்க்கிறார்கள்.

ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: தலையோடு சேர்த்து முழு முதுகுத்தண்டையும் மருந்து ஏற்றி, முடிந்தால் ஆபரேஷனுக்கு முன்பே எடுக்க வேண்டும். இவ்வகைக் கட்டிச் செல்கள் மூளைநீரோடு முதுகுக்கு இறங்கக்கூடும். ஆபரேஷன் முடிந்தால் ரத்தமும் அதே வழியில் இறங்கி, படத்தில் கட்டி பரவியதுபோலவே தெரியும். பிறகு சுமார் 2 வாரம் காத்திருக்க நேரும். மிச்சக் கட்டியைப் பார்க்கும் தலை ஸ்கேன் வேறு. அதை ஆபரேஷன் முடிந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தள்ளிப்போனால் ஆறும் தழும்பும் மருந்தை வாங்கிப் பளிச்சிடும்.

3 வயதுப் பேத்திக்கு மயக்கம் கொடுத்துத்தான் எம்.ஆர்.ஐ. எடுப்பார்களாம். தூக்கம் வர சிரப் கொடுத்தால் போதாதா? ஏற்றுகிற மருந்து கெடுதலா?
- ஒரு தாத்தா, கும்பகோணம்

தலையில் அழுத்தம் ஏறியுள்ள குழந்தைக்கு, மயக்க மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் சிரப் கொடுப்பது ஆபத்து ஐயா. மூச்சு மந்தமானால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடும். அதனால் மூளையின் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் இன்னும் ஏறும். மயக்கத்துக்கு முன் திட உணவும் பசும்பாலும் 6 மணி நேரம், தாய்ப்பால் 4 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்த வேண்டும். பசிக்கிறதே என்று யாராவது ஒரு பிஸ்கட் கொடுத்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றுகிற மருந்து காடோலினியம்; அதன் வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். பல மருந்துகளில் அது கிலோவுக்கு 0.2 மி.லி.; 15 கிலோ குழந்தைக்கு 3 மி.லி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். காடோலினியத்தைக் கூண்டுபோல இறுக்கிப் பிடிக்கும் மேக்ரோசைக்ளிக் வகைதானா என்றும் கேளுங்கள். உடலில் தங்குவது அதில் குறைவு.

மூளைநீரை வடிக்கும் குழாயான ஷன்ட் வைத்த குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா?
- வாசகி, சேலம்

பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் ஷன்ட்டில் உள்ள வால்வின் விவர அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நீர் வடியும் அளவை வெளியிலிருந்து மாற்றும் வகை வால்வாக இருந்தால், காந்தம் அந்த அளவை மாற்றிவிடக்கூடும். ஸ்கேன் முடிந்த அன்றே அதைச் சரிபார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள்.