மூடிவிடலாமா?

கேள்வி: மத்திய அரசுப் பணம் டெல்லியிலிருந்து நேராக வங்கிக் கணக்குக்கு வருகிறது. எல்லாம் ஆன்லைன். இனி விஏஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ் எல்லாம் எதற்கு? மூடிவிடலாமே?
– ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: தாராளமாக மூடலாம், பணம் வருகிற வரைக்கும். நின்றுபோனால்?

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் உதவித்தொகையான பி.எம். கிசானையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, 2019 முதல் வருகிறது. நடுவில் யார் கையும் படுவதில்லை. மெச்ச வேண்டியதுதான். ஒருநாள் தவணை நிற்கிறது. போனில் பார்த்தால், நில ஆவணம் இணைக்கப்படவில்லை என்று ஒரு வரி. பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. பங்காளிகள் நாலு பேர். ஒருவர் பெங்களூரில் கட்டட வேலை, இன்னொருவர் கையெழுத்தே போடமாட்டேன் என்கிறார். இதை எந்த ஆப் தீர்த்துவைக்கும்? வாரிசு சான்றிதழ், சர்வேயர், உட்பிரிவு, தாசில்தார் என்று நீங்கள் மூடச் சொல்கிற அதே கட்டடத்தில்தான் நிற்க வேண்டும். ஆள் இன்னார்தான் என்று உறுதிசெய்ய ரேகை வைக்கச் சொன்னால், புளி தட்டியே ரேகை தேய்ந்துபோன பாட்டியின் விரலை மெஷின் ஏற்காது. முகத்தைக் காட்டினால் போதும் என்று 2023-இல் வழி செய்தார்கள், நல்லது. அதற்கும் பேரனும் அவன் போனும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மாற்றமெல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. மார்க்‌ஷீட் நகலில் பச்சை மைக் கையெழுத்து வாங்க அதிகாரி வீட்டு வாசலில் காத்துக் கிடந்த தலைமுறை நான். நாமே சான்றொப்பமிட்டால் போதும் என்று 2014-இல் மத்திய அரசு சொன்னது. கம்ப்யூட்டர்கூடத் தேவைப்படாத சீர்திருத்தம்!

முன்பு ‘முடியாது’ என்றவரின் முகம் தெரியும். சண்டை போடலாம், சிபாரிசு பிடிக்கலாம். (லஞ்சமும் கொடுத்தோம், மறைப்பானேன்?) இப்போது ‘சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது’ என்கிறார்கள். சொல்கிற குமாஸ்தாவுக்கு அதை மாற்ற அதிகாரம் இல்லை. முடிவெடுப்பது மேலே போய்விட்டது. ஜனங்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் வேலை மட்டும் கீழே தங்கிவிட்டது. நீங்கள் கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

மத்திய அரசின் ஆன்லைன் குறைதீர் தளத்தில் புகாரைத் தீர்க்க வேண்டிய கெடுவை 2024-இல் 30 நாளிலிருந்து 21 நாளாகக் குறைத்தார்கள். பட்டா விவகாரத்தை அங்கே போட்டால், மாநில விஷயம் என்று சுற்றிச் சுற்றி நம் தருமபுரி கலெக்டர் ஆபீசுக்கே வந்து சேர வாய்ப்பு அதிகம். அதற்குப் பதில் திங்கட்கிழமை மனு நாளில் அங்கே நேரே போய்க் கொடுத்துவிடுங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள்.