வாசகர் கேள்விகள்: நட்பு இருந்தும் வாக்கு வரவில்லையே!

சிவிலைசேஷன் 5 என்ற கணினி வியூக விளையாட்டில் தூதரக வெற்றி பெறுவது, அதாவது ஐக்கிய நாடுகள் சபை வாக்கெடுப்பில் உலகத் தலைவராகத் தேர்வாகி ஆட்டத்தை வெல்வது குறித்துப் பல கடிதங்கள் வந்திருப்பதால், இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பதில்கள் அனைத்தும் 2013-இல் வெளிவந்த ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ விரிவாக்கத்தை வைத்து ஆடுவோருக்குப் பொருந்தும்.

கேள்வி: வணக்கம் ஐயா. எட்டு நாகரிகங்கள் உள்ள ஆட்டத்தில் ஐந்து பேரோடு நட்புறவு அறிவித்து, எவரையும் பகைக்காமல் கடைசி வரை வந்தேன். ஐக்கிய நாடுகள் சபையில் உலகத் தலைவருக்கான வாக்கெடுப்பு நடந்தபோது அந்த ஐவரில் ஒருவர்கூட எனக்கு வாக்களிக்கவில்லை. நான் எங்கே தவறினேன்? – வாசகர், திண்டுக்கல்

பதில்: நட்பு வளர்த்ததில் தவறே இல்லை, அந்த நட்பிடம் எதைக் கேட்கலாம் என்பதில்தான் கணக்குப் பிசகியிருக்கிறது. உலகத் தலைவர் வாக்கெடுப்பில் எதிர் நாகரிகத் தலைவர்கள் தங்களுக்கே வாக்களித்துக்கொள்வார்கள் என்றுதான் நீங்கள் கணக்குப் போட வேண்டும். வேறொருவரிடம் நாட்டை முழுவதும் இழந்து, உங்கள் கையால் மீட்கப்பட்டு மறுபடி உயிர்பெற்ற நாகரிகம் மட்டுமே நன்றியோடு உங்களுக்கு வாக்களிக்கும். அப்படியென்றால் வெற்றிக்கான வாக்குகள் எங்கிருந்து வரும்? வரைபடத்தில் ஒற்றை நகரத்தோடு ஒதுங்கி இருக்கும் சிங்கப்பூர், காத்மாண்டு, ஜெனீவா, அல்மாட்டி போன்ற நகர அரசுகளிடமிருந்துதான். ஐக்கிய நாடுகள் சபை அமைந்தபின் ஒவ்வொரு கூட்டாளி நகர அரசும் உங்களுக்கு இரண்டு பிரதிநிதிகளை, அதாவது இரண்டு வாக்குகளைத் தருகிறது.

ஒரு நகர அரசிடம் 30 புள்ளிச் செல்வாக்கு இருந்தால் நீங்கள் நண்பர். 60 புள்ளிகளைத் தொட்டு, மற்ற எல்லோரையும்விட முன்னிலையிலும் இருந்தால்தான் கூட்டாளி. அந்தச் செல்வாக்கு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு புள்ளி வீதம் தானாகவே கரைந்துகொண்டிருக்கும். நகர அரசிடம் செல்வாக்கை ஏற்றுவதற்கு வேகமான வழி பொன். அந்தப் பொன்னைத் தருபவர்கள்தான் உங்கள் ஐந்து நண்பர்கள்! நட்புறவு அறிவித்த தலைவரிடம் மட்டுமே மொத்தப் பொன்னாக வாங்கிக்கொண்டு பொருளை விற்க முடியும். மற்றவர்கள் சுற்றுக்கு இவ்வளவு என்று தவணையில்தான் தருவார்கள். உபரியாகக் கிடக்கும் பட்டுத் துணியையும் உப்பையும் நண்பர்களிடம் மொத்த விலைக்கு விற்று, அந்தப் பணத்தை நகர அரசுகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதே இந்த வெற்றியின் ஆதாரமான ஓட்டம்.

கேள்வி: பொன்னை முதலிலிருந்தே பகிர்ந்து கொடுத்துவர வேண்டுமா, அல்லது சேர்த்து வைத்துக் கடைசியில் கொட்ட வேண்டுமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டின் நோக்கமும் வேறு. ஆட்டத்தின் தொடக்கத்தில் கொடுக்கும் பொன்னுக்கு, பிற்காலத்தில் கொடுக்கும் அதே பொன்னைவிடக் கூடுதல் செல்வாக்குக் கிடைக்கிறது என்பதால், உணவும் பண்பாடும் தரும் ஓரிரு நகர அரசுகளை ஆரம்பத்திலேயே பிடித்து வைப்பது லாபம். அதற்குமேல் உள்ளவற்றுக்குப் பொன்னைவிட அவை கேட்கும் பணிகளைச் செய்து கொடுப்பது நல்லது. அருகிலுள்ள காட்டுமிராண்டிகளின் முகாமை அழிப்பது, அவர்கள் விரும்பும் ஆடம்பரப் பொருளைப் பெற்று இணைப்பது, வணிகப் பாதை அமைப்பது என்று அவை கேட்பவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கே பயன்படுபவை. முதலீடு வேண்டும் என்று ஒரு நகர அரசு அறிவித்திருக்கும்போது கொடுத்தால் அதே பொன்னுக்கு வழக்கத்தைவிட அதிகச் செல்வாக்குக் கிடைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கொள்கைகளில் ‘பேட்ரனேஜ்’ கிளையைத் திறந்தாலே செல்வாக்கு கரையும் வேகம் குறைகிறது. அதில் உள்ள ‘கான்சுலேட்ஸ்’ கொள்கை, எல்லா நகர அரசுகளிடமும் உங்கள் செல்வாக்கு கரைந்து கடைசியில் தங்கி நிற்கும் அளவை 20 புள்ளி உயர்த்துகிறது. பிற்காலத்தில் ‘ஃப்ரீடம்’ சித்தாந்தத்தை எடுத்து, அதன் மூன்றாம் படியில் உள்ள ‘ட்ரீட்டி ஆர்கனைசேஷன்’ வரை ஏறிவிட்டால், வணிகப் பாதை உள்ள ஒவ்வொரு நகர அரசிடமும் சுற்றுக்கு 4 புள்ளி செல்வாக்குக் கூடும். நான் பெரும்பாலும் இந்த வழியில்தான் போகிறேன், ஏனென்றால் சரக்கு ஏற்றிச் செல்லும் கப்பலே தூதுவராகவும் ஆகிவிடுகிறது.

கடைசியில் கொட்டும் பொன் பாதுகாப்புக்கானது. அதன் அருமையை நான் ஒரு தோல்வியில் கற்றேன். வாக்கெடுப்புக்கு ஒரு சுற்று மட்டுமே மீதி இருந்தது. எனக்குத் தேவையான வாக்குகள் கணக்காக இருந்தன. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிங்கப்பூரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்: எனக்கு 71, எதிரியான கிரேக்கத் தலைவர் அலெக்சாண்டருக்கு 64. முன்னிலையில்தான் இருக்கிறோம் என்று, கையில் இருந்த 1,100 பொன்னில் ஒரு நகரத்தில் தொழிற்சாலையை வாங்கிவிட்டுச் சுற்றை முடித்தேன். என் முறைக்குப் பிறகு அலெக்சாண்டரின் முறை வந்தது. அவர் சிங்கப்பூருக்குப் பொன் கொடுத்துவிட்டார். இரண்டு வாக்கில் வெற்றி போயிற்று. அன்றிலிருந்து, வாக்கெடுப்புக்கு முந்தைய பத்து சுற்றுகளில் நான் எதையும் வாங்குவதில்லை. கடைசிச் சுற்றில் ஒவ்வொரு நகர அரசின் பக்கத்தையும் வரிசையாகத் திறந்து, இரண்டாம் இடத்தில் இருப்பவருக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்த்து, இடைவெளி குறைவாக உள்ள இடங்களில் 500 அல்லது 1,000 பொன்னாகக் கொடுக்கிறேன்.

கேள்வி: ஒற்றர்களை எங்கே அனுப்புவது? – வாசகர், ஈரோடு

பதில்: ஆட்டத்தின் நடுப்பகுதியில் நகர அரசுகளுக்கு. அங்கே ஒற்றர் தேர்தலில் கைவைத்துச் செல்வாக்கை மெல்ல உயர்த்துவார். எதிரியின் கூட்டாளியாக உள்ள நகர அரசில் ஆட்சிக் கவிழ்ப்புக்கும் முயலலாம். வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்று திரையிலேயே தெரியும், தோற்றால் ஒற்றர் உயிரிழப்பார். ‘குளோபலைசேஷன்’ தொழில்நுட்பத்தை அடைந்ததும் திட்டத்தை மாற்றி, அவர்களை எதிரித் தலைநகரங்களுக்குத் தூதர்களாக அனுப்பிவிடுங்கள். அப்போது ஒவ்வொரு தூதருக்கும் ஒரு பிரதிநிதி கூடுதலாகக் கிடைக்கும்.

கேள்வி: என் அண்ணன் இதை ‘பண வெற்றி’ என்கிறார். நகர அரசுகளை விலைக்கு வாங்குவதில் தூதரகத் திறமை எங்கே இருக்கிறது? – வாசகி, மதுரை

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடியாக ஆட்டத்தில் வரும் உலகப் பேரவையில் இருக்கிறது. அச்சு இயந்திரத் தொழில்நுட்பத்தைக் கற்று, மற்ற எல்லா நாகரிகங்களையும் முதலில் சந்தித்து முடிப்பவரே அந்தப் பேரவையைக் கூட்டுகிறார். அங்கே உங்கள் மதத்தை உலக மதமாகவும், பின்னாளில் உங்கள் சித்தாந்தத்தை உலகச் சித்தாந்தமாகவும் நிறைவேற்ற முடிந்தால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிநிதிகள் கூடுகிறார்கள். இவற்றைப் பொன்னைக் கொட்டி மட்டும் நிறைவேற்ற முடியாது. அந்த மதத்தை ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட நாகரிகங்கள் எவை, எதிர்ப்பவர்கள் எத்தனை பேர் என்று தூதர் மூலம் தெரிந்துகொண்டு, தயங்குபவரிடம் அவர் வாக்கை ஒப்பந்தத்தில் கேட்டுப் பெற வேண்டும். நகர அரசுகளோடு வணிகமே கூடாது என்று எதிரிகள் தடைத் தீர்மானம் கொண்டுவந்து அது நிறைவேறிவிட்டால், நான் மேலே புகழ்ந்த வணிகப் பாதைகள் அத்தனையும் ஒரே நாளில் அறுந்துபோகும். அந்தத் தீர்மானத்தைத் தோற்கடிக்க எவர் எவரிடம் எதைக் கொடுத்துப் பேசுவது என்று உட்கார்ந்து யோசிக்கும் அரைமணி நேரம், என் மனத்துக்கு இந்த விளையாட்டிலேயே மிக நிறைவான பகுதி. அண்ணனை அந்தக் கட்டத்தில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இந்த வெற்றிக்குப் படை தேவையா? எந்த எதிரியைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் எதிரிகள். கிரேக்கத்தின் அலெக்சாண்டருக்கு நகர அரசுகளிடம் செல்வாக்கு பாதி வேகத்தில்தான் கரையும். சுவீடனின் குஸ்டாவஸ் அடோல்ஃபஸ் ஒரு மேதையை நகர அரசுக்குப் பரிசளித்தால் 90 புள்ளி பெறுகிறார். ஆஸ்திரியாவின் மரியா தெரசா இவர்களைவிட ஆபத்தானவர். ஐந்து சுற்று கூட்டாளியாக வைத்திருந்த நகர அரசைப் பொன் கொடுத்து மணவுறவால் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்வார், அதோடு அந்த வாக்கே ஆட்டத்திலிருந்து மறைந்துவிடும். அவர் கண் வைத்திருக்கும் நகர அரசில் ஐந்து சுற்றுக்குள் அவரை முந்திவிட வேண்டும்.

அதே காரணத்தால் படையும் வேண்டும். போரில் கைப்பற்றப்பட்ட நகர அரசுக்கு வாக்கு இல்லை. உங்கள் எல்லைக்கு அருகில் உள்ளவற்றைக் காக்க நான்கைந்து நல்ல பிரிவுகளையும், கடற்கரையில் இருந்தால் சில கப்பல்களையும் வைத்திருங்கள். தொலைவில் உள்ளவற்றுக்குப் பழைய பிரிவுகளை அன்பளிப்பாகக் கொடுத்தால் அவற்றின் காவலும் வலுவாகும், சிறிது செல்வாக்கும் சேரும். இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நகர அரசு எதிரி கையில் விழுந்துவிட்டால், வாக்கெடுப்புக்கு நாள் இருக்கும்போதே படையெடுத்து அதைப் பிடித்து, ‘விடுதலை செய்’ என்ற தெரிவை அழுத்துங்கள். அந்த நொடியிலேயே அது உங்கள் கூட்டாளியாக எழுந்து நிற்கும்.