மாருதி 800 இன்ஜினைப் பிரித்தாயிற்று: கரியை எப்படி எடுப்பது, எந்தக் கூலன்ட் ஊற்றுவது?

பிஸ்டன் தலையில் கரி தடித்திருக்கிறது, காஸ்டிக் சோடாவில் ஊறப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். பிஸ்டனும் ஹெட்டும் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம். கரியோடு சேர்த்து அதையும் அரித்துவிடும். கார்புரேட்டர் கிளீனரிலோ மண்ணெண்ணெயிலோ ஓர் இரவு ஊறவிட்டு, கெட்டி பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள்.

பலர் கோட்டைவிடுவது ரிங் பள்ளத்தில், அதாவது பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் வெட்டில். அங்கே கரி மிச்சமிருந்தால் புது ரிங் அசைய இடமில்லாமல் சிக்கிக்கொள்ளும், மறுபடி ஆயில் புகைதான். பழைய ரிங்கை உடைத்து அதன் முனையாலேயே பள்ளத்தைச் சுரண்டலாம். கரி உதிர்ந்து அலுமினியம் பளிச்சென்று தெரிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மேலும் சுரண்டினால் பள்ளம் அகலமாகிவிடும். ஆயில் ரிங்குக்குப் பின்னால் உள்ள பொடித் துளைகளிலும் கம்பி விட்டுப் பாருங்கள். டிரில்லில் மாட்டும் தேய்ப்பு நார் வேலையைச் சீக்கிரம் முடிக்கும். ஆனால் அதன் பொடி ஆயிலில் கலந்தால் பேரிங் போயிற்று.

சரி, கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம். எத்திலீன் கிளைக்கால் அடிப்படையில், சிலிக்கேட் இல்லாமல், ஜப்பானிய வண்டிகளுக்கு என்று போட்டிருப்பதை எடுங்கள். அடர்கூலன்ட் (தண்ணீர் கலக்காதது) என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்புப் படியும். புதுக் கூலன்ட் ஊற்றும் முன் பிளாக்கையும் (இன்ஜினின் உடல்) ரேடியேட்டரையும் துரு நீர் வருவது நிற்கும்வரை அலசுங்கள். பழைய கூலன்ட் மிச்சம் புதியதோடு சேர்ந்தால் சில சமயம் கூழாகிவிடும்.