அறிவியலில் 94, அடிப்படைத் தேர்வில் 9: பிள்ளையை எந்தக் குரூப்பில் சேர்ப்பது?

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய வினாத்தாள், விடைத்தாள் படங்கள் எல்லாம் கிடைத்தன. பத்தாம் வகுப்பு அரையாண்டில் அறிவியலுக்கு 94 வாங்கிய மகள், கோச்சிங் சென்டரில் சேரப் போன இடத்தில் வைத்த இயற்பியல் அடிப்படைத் தேர்வில் முப்பதுக்கு ஒன்பதுதான் எடுத்திருக்கிறாள். "பிசிக்ஸ் வீக்கா இருக்கு. ரெண்டு வருஷ பேட்ச்ல சேருங்க, இல்லாட்டி காமர்ஸ் குரூப் போடுங்க" என்று அங்கே சொல்லிவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஒரு தாளை வைத்துக் குரூப்பை மாற்ற வேண்டாம். அதற்காகத் தாளைத் தூக்கிக் குப்பையிலும் போட வேண்டாம். பள்ளிக்கூடத்தில் இதுவரை எழுதிய தேர்வு எதுவும் சொல்லாத ஒரு விஷயத்தை இது சொல்லியிருக்கிறது.

94-உம் 9-உம் ஒரே பிள்ளைக்கு எப்படி வரும் என்றுதானே கேட்கிறீர்கள்? தாராளமாக வரும். பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். நம் பக்கத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கு வருகிற பிள்ளைக்கு அதில் பெரும்பாலும் குறைவதில்லை. மீதி 75-இல் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை நன்றாகப் படித்தாலே பெரும்பகுதி கைக்கு வந்துவிடும். நியூட்டனின் முதல் விதியை எழுது என்றால் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதுவாள். அந்த விதியை அவள் நம்புகிறாளா என்று மட்டும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடிப்படைத் தேர்வு கேட்பது அதைத்தான்.

இந்த மாதிரித் தேர்வுக்கு ஒரு வரலாறு உண்டு. 1992-இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் ஹெஸ்டனிஸ், பள்ளி ஆசிரியர்கள் இருவருடன் சேர்ந்து விசை, இயக்கம் பற்றி ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். அதில் கணக்கு இல்லை, சூத்திரம் இல்லை. மாணவர்கள் வழக்கமாக என்ன தப்பாக நினைக்கிறார்களோ, அதையே தவறான விடைகளாக வரிசையில் வைத்திருந்தார்கள். பார்த்தால் சின்னப்பிள்ளைத்தனமான தாள், உட்கார்ந்து எழுதினால் கல்லூரி மாணவர்களே தடுமாறினார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் இதே பாணித் தேர்வை வைத்தபோது, ஒரு மாணவர் எழுந்து, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்று கேட்டாராம். ஹார்வர்டிலேயே அந்த நிலை என்றால், அம்பாசமுத்திரத்தில் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்பது எடுத்ததற்கு வீட்டில் துக்கம் காக்க வேண்டியதில்லை.

இனி தாளுக்கு வருவோம். கேள்வி முப்பது. இயக்கமும் விசையும் 16, மின்சாரம் 8, வெப்பமும் ஒளியும் 6. அவள் எடுத்தது முறையே 2, 3, 4. வெப்பமும் ஒளியும் நன்றாகவே இருக்கிறது. இடிப்பது முதல் பகுதிதான்.

ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடை. கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே 16-க்கு நான்கு சரியாக விழ வேண்டும். இவளுக்கு இரண்டுதான். அதைக் கண்டு பயப்படாதீர்கள், எனக்கு இதில் நல்ல செய்திதான் தெரிகிறது. ஒன்றும் தெரியாத பிள்ளை குத்துமதிப்பாகக் குறித்திருந்தால் நாலைந்து வந்திருக்கும். இவள் யோசித்து, ஒரே எண்ணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு குறித்திருக்கிறாள். எண்ணம் தவறு, அவ்வளவுதான். விடைத்தாளை வரிசையாகப் பார்த்தால் பாதிக்கு மேல் தவறுகளுக்கு வேர் ஒன்றே: "ஒரு பொருள் நகர்ந்துகொண்டே இருந்தால், அதன்மேல் நகர்கிற திசையில் ஒரு விசை இருந்துகொண்டே இருக்கும்."

ஐந்தாம் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தை நேர்மேலே எறிகிறோம். அது மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கையை விட்ட பிறகு, அதன்மேல் என்னென்ன விசைகள்? அவள் குறித்தது: "மேல்நோக்கி எறிந்த விசை, கீழ்நோக்கிப் புவியீர்ப்பு விசை". அடுத்த கேள்வியில் உச்சியில் பந்து ஒரு கணம் நிற்கும்போது என்று கேட்டதற்கு, "இரண்டும் சமம்" என்று குறித்திருக்கிறாள். ஒன்றுக்கொன்று எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! ஆனால் காற்றை விட்டுவிட்டால், கையை விட்ட நொடியிலிருந்து பந்தின்மேல் இருப்பது புவியீர்ப்பு ஒன்றுதான். ஏறும்போதும் அதுதான், உச்சியிலும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். உச்சியில் திசைவேகம் சுழி ஆகிறது, முடுக்கம் ஆகாது. அங்கேயும் அது அதே 9.8 தான். கை கொடுத்தது வேகத்தை. விசை கையோடு நின்றுபோனது.

அவள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். வடம் பிடித்து இழுத்தால் தேர் நகரும், இழுப்பை நிறுத்தினால் நிற்கும். விசை இருந்தால்தான் ஓட்டம் என்று கண் தினமும் பாடம் நடத்துகிறது. வெளியிலிருந்து விசை இல்லாவிட்டால் ஓடுகிற பொருள் அதே வேகத்தில் நேராக ஓடிக்கொண்டே இருக்கும் என்கிற நியூட்டன், அதற்கு எதிராகப் பேசுகிற மாதிரித் தெரிகிறது. உண்மையில் வடத்தின் இழுப்பில் பெரும்பங்கு உராய்வை ஈடுகட்டவே போய்விடுகிறது. தேர் கிளம்புகிற அந்த முதல் இழுப்புக்கு இன்னும் கூடுதல் விசை வேண்டும், ஏனென்றால் நிற்கிற சக்கரத்தை அசைக்கிற வேலை, ஓடுகிறதை ஓட்டுகிற வேலையைவிடப் பெரிது. போகிற தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்துக்கு அடியில் சறுக்குக்கட்டை கொடுப்பதும் உராய்வை நம்பித்தான். இதைத் தேரடியில் நின்று பேசினால் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் ஏறும். கரும்பலகையில் விசை = நிறை × முடுக்கம் என்று எழுதிக்கொண்டிருந்தால் ஏறாது.

லாரியும் டிவிஎஸ் எக்ஸெல்லும் மோதினால் எது எதன்மேல் அதிக விசை செலுத்தும் என்ற கேள்வியிலும் லாரி என்று குறித்திருக்கிறாள். மூன்றாம் விதிப்படி இரண்டும் சமம். எக்ஸெல் மட்டும் நொறுங்குவது, அதன் நிறையும் உறுதியும் குறைவு என்பதால். சரி, அதைவிட முக்கியமானது மின்சாரப் பகுதி. ஏனென்றால் மின்சாதனம் ரிப்பேர் பார்க்கிற உங்களுக்கு அது கடைச் சரக்கு.

"தொடரிணைப்பில் இரண்டு ஒரே மாதிரி பல்புகள், எது பிரகாசம்?" என்பதற்கு "முதல் பல்பு" என்று குறித்திருக்கிறாள். மின்னோட்டத்தை முதல் பல்பு தின்றுவிட்டு மிச்சத்தை அடுத்ததற்குத் தள்ளிவிடும் என்ற நினைப்பு. உங்கள் கடையில் ரிப்பேர் பார்க்க ஒரு சீரிஸ் போர்டு இருக்குமே, மாட்டுகிற சாதனத்தோடு தொடரிணைப்பில் நூறு வாட் குண்டு பல்பு போட்டது. அதில் ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸை மாட்டி, சுவிட்சைப் போடுமுன் அவளிடம் கேளுங்கள்: எது சூடாகும், எது எரியும்? அயர்ன் பாக்ஸ் பெரியது, அதுதான் கரண்டை இழுக்கும் என்பாள். போட்டுக் காட்டுங்கள். பல்பு நன்றாகவே எரியும், அயர்ன் பாக்ஸ் வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. இரண்டிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம், 0.4 ஆம்பியருக்குப் பக்கம். பல்பின் மின்தடை சுமார் 530 ஓம், அயர்ன் பாக்ஸினுடையது 53 ஓம். மின்தடை பத்து மடங்கு உள்ள இடத்தில் திறனும் பத்து மடங்கு. இந்தக் கணக்கை அவளே போடட்டும், 230 வோல்ட் என்று மட்டும் சொல்லுங்கள். ஒயரிங்கில் கை வைப்பது நீங்களாக இருக்கட்டும். அவள் தனியாகச் செய்து பார்க்க இரண்டு டார்ச் பல்பும் செல்லும் போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். முதலில் அவள் வாயால் விடை வர வேண்டும், காரணத்தோடு. அப்புறம்தான் சுவிட்ச். நாம் முந்திக்கொண்டு விளக்கினால் "ஆமாப்பா, புரியுது" என்பாள். பிள்ளைகளுக்கு அப்பாவைச் சீக்கிரம் அனுப்பிவைக்கத் தெரியும்.

இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது, அவள் தமிழ் வழி. நீளமான கேள்விகளில்தான் அதிகம் தவறியிருக்கிறாள். தவறிய கேள்விகளில் ஐந்தாறைத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சரியாகச் சொன்னால் அங்கே குறை இயற்பியலில் இல்லை. நீட் தேர்வையும் ஜேஇஇ மெயினையும் தமிழிலேயே எழுதலாம் என்பது பல வீடுகளில் இன்னும் தெரியவில்லை.

இதையெல்லாம் இப்போதே தொடங்க வேண்டாம். பொதுத்தேர்வு வரை பள்ளிப் பாடம் போகிற போக்கில் போகட்டும், அந்த 94-க்கும் மதிப்பு இருக்கிறது. தேர்வு முடிந்து ரிசல்ட் வருகிற வரை உள்ள இடைவெளிதான் இதற்கு நல்ல காலம். அந்த லீவில் ஒருநாள் கொக்கிரகுளம் மாவட்ட அறிவியல் மையத்துக்குக் கூட்டிப் போங்கள். போட்டோ எடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பாமல், ஒவ்வொரு கருவியிலும் கை வைக்குமுன் "என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

குரூப் விஷயம். இயற்பியலை விட்டால் பொறியியல், மருத்துவம், பி.எஸ்சி. நர்சிங், பாராமெடிக்கல் எல்லாம் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். திரும்பி வருவது மிகக் கடினம். பொறியியல் கட்ஆப் 200-இல் இயற்பியலுக்கு 50, நீட் 720-இல் 180. மறுபக்கம், சி.ஏ. படிக்க எந்தக் குரூப்பும் தடையில்லை. ஆகவே பிள்ளைக்கே கணக்குவழக்கில் ஆசை இருந்தால் காமர்ஸ் நல்ல படிப்பு, தயங்காமல் போடுங்கள். பயத்தில் போடுகிற காமர்ஸ்தான் எனக்குப் பிடிக்காது. ப்ளஸ் ஒன் வேண்டாம், கையால் செய்கிற வேலையில்தான் மனம் என்றால், பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமோ, அங்கிருந்து நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டு என்ற வழி இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவும் கூடங்குளத்தில் அணுமின் நிலையமும் நம் வாசலிலேயே இருக்கின்றன. அங்கே பொறியாளர்களை மட்டும் எடுப்பதில்லை, டிப்ளமோ, ஐடிஐ படித்தவர்களுக்கும் இடம் உண்டு. எழுத்துத் தேர்வில் இந்த மாதிரி அடிப்படைக் கேள்விகளும் வந்து நிற்கலாம்.

கடைசியாக அந்த இரண்டு வருட பேட்ச். சேர்க்கலாமா என்பதற்கு முன்னால், எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். 1998-இல் ரிச்சர்ட் ஹேக் என்பவர் 62 வகுப்புகளில், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் எழுதிய இதே பாணித் தேர்வுகளின் முடிவுகளை ஒப்பிட்டார். பாடம் தொடங்குமுன் தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கு முடியும்போது தெரிந்துகொண்டார்கள் என்பது கணக்கு. ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்த வகுப்புகளில் சராசரி 23 சதவீதம். பிள்ளைகளே விவாதித்து, செய்து பார்த்துப் படித்த வகுப்புகளில் 48. வித்தியாசம் எங்கே என்று உங்களுக்கே தெரிகிறது.

எனவே போய் மூன்று விஷயம் கேளுங்கள். இதே மாதிரித் தாளை ஆறு மாதம் கழித்துத் திரும்ப வைப்பார்களா? தவறிய கேள்வியைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுவார்களா, அல்லது விடைக்குறிப்பை ஒட்டிவிட்டுப் போவார்களா? ஒரு நாள் வகுப்பில் பிள்ளை சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். "இந்த வாரத்துக்குள்ள கட்டினாத்தான் டிஸ்கவுண்ட்" என்று மட்டும் பதில் வந்தால், பணத்தைக் கடையிலேயே வையுங்கள். கட்டுவதானாலும் இரண்டு வருடத்துக்கும் மொத்தமாகக் கட்ட வேண்டாம், தவணையாகக் கேளுங்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் அவள் மறுபடி அந்தப் பதினாறு கேள்விகளை எழுதிப் பார்க்கட்டும். விடைக்கு எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி காரணமும் எழுதச் சொல்லி, அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். மதிப்பெண் போட்டு அனுப்ப வேண்டாம், காரணங்கள் போதும்.